தண்ணீர் புகாத மோதிரம்

எங்கள் ஊரில் யாராவது ஒரு சாமானைக் காட்டி "இதுக்குள்ள தண்ணி போகாது" என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மன்னார்த் தீவின் மேற்குக் கரையில், வாசலில் நின்று கூப்பிட்டால் தோணியில் நிற்பவருக்குக் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. உப்புக் காற்று இங்கே எதையும் விட்டுவைத்ததில்லை. படலைக் கீல், சைக்கிள் செயின், ரேடியோ, கலியாணத்துக்கு வந்த என் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தின்று முடித்திருக்கிறது. அந்தக் கடிகாரத்தின் முதுகிலும் தண்ணீர் போகாது என்றுதான் எழுதியிருந்தது. ஒரு பெருநாள் பின்னேரம் கடலில் கால் நனைக்கப் போனேன். கை கொஞ்சம் நனைந்தது. அடுத்த நாள் கண்ணாடிக்குள்ளே வேர்த்துக்கொண்டு முள் நின்றுவிட்டது. அதனால் என் மனிசன் போனில் "உனக்கொரு மோதிரம் அனுப்பப்போறன், கடலுக்குள்ள போட்டாலும் தண்ணி போகாது" என்று சொன்னபோது, "சும்மா விசர்க்கதை கதைக்காதேங்கோப்பா" என்றுதான் சொன்னேன்.

அவர் கொரியாவில் இருக்கிறார். அதற்கு முன்பு கடல்தொழில்தான். இழுவைப் படகுகள் எங்கள் வலையை இரண்டாம் தரமும் அறுத்துக்கொண்டு போன வருடம், "இனி இந்த வலைக்குப் பின்னால என்னால ஓடேலாது" என்று சொல்லிவிட்டு, கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிப் போய்விட்டார். வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இனியாவது ஒரு பிள்ளை வேண்டும் என்று நாங்கள் பேசத் தொடங்கிய நேரத்தில்தான் விசா வந்தது. அந்த விசாவைக் கண்டு ஊரே சந்தோஷப்பட்டது. நானும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஸ்மார்ட் மோதிரம் செய்கிறார்கள். விரலில் போட்டுக்கொண்டு படுத்தால், நெஞ்சு எப்படி அடித்தது, எத்தனை மணித்தியாலம் நித்திரை, பகலில் எவ்வளவு நடை என்று எல்லாவற்றையும் போனுக்குச் சொல்லிவிடுகிற மோதிரம். அவரை முதலில் பெட்டி கட்டுகிற இடத்தில்தான் விட்டிருந்தார்கள். ஒருநாள் பிசினோடு வேலை செய்து பழகியவர்கள் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். இவர் கையைத் தூக்கிவிட்டார். பைபர் தோணியில் வெடிப்பு விழுந்தால் கண்ணாடி நார்ப் பாய் விரித்துப் பிசின் தடவி ஒட்டுகிறது எங்கள் கரையில் எல்லோரும் செய்கிற வேலை. பாய்க்குக் கீழே காற்றுக் குமிழி ஒன்று தங்கினால் அந்த இடத்தால்தான் பிறகு தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவோடு மோதிரத்துக்குப் பிசின் வார்க்கிற பகுதிக்குப் போனார்.

பின்னேரம் ஐந்து மணிபோல அவருடைய வீடியோ அழைப்பு வரும். அங்கே அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். வேறு மனிசன்மார் பெண்சாதியோடு என்ன கதைப்பார்களோ எனக்குத் தெரியாது. இவர் மோதிரம் மூடுகிற கதைதான் கதைப்பார். கடலில் இருந்த காலத்தில் மீன் கதை கதைத்தார். வாயில் அன்பு வராத மனிதர், வேலையைப் பற்றித்தான் வாய் திறக்கும். எனக்கும் அதேதான், குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"ஒரு ஓட்டை கூட இல்லையப்பா. அதுதான் விஷயம்" என்பார்.

"ஓட்டை இல்லாட்டி எப்பிடிச் சார்ஜ் போடுறது?"

"ஒரு சின்னத் தட்டு இருக்கு, அதில வைச்சாச் சரி. வயர் குத்தத் தேவையில்ல. ஆணி இல்ல, பொத்தான் இல்ல, மூடி இல்ல. திறக்கிற இடம் எண்டு ஒண்டு இருந்தாத்தானே தண்ணி அதால வரும்."

டைட்டானியத்தில் ஒரு வளையம் செய்கிறார்கள். அதன் உட்பக்கம் சுற்றிவரப் பள்ளமாக இருக்கும். மெல்லிய தகடு ஒன்றில் எல்லாச் சின்னச் சின்னச் சாமான்களும் ஒட்டியிருக்கும். தகட்டையும், வளைந்த பற்றரியையும் அந்தப் பள்ளத்துக்குள் படுக்க வைப்பார்கள். அதற்கு மேலே தெளிந்த பிசினை வார்ப்பார்கள். மோதிரத்தில் இருந்து ஒரு வெளிச்சம் தோலுக்குள் போய் ரத்தம் ஓடுவதைப் பார்க்க வேண்டும், அதனால்தான் தெளிந்த பிசின். வார்க்க முதல் அதை ஒரு பாத்திரத்துக்குள் வைத்துக் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுப்பார்கள். குமிழியெல்லாம் பொங்கி மேலே வந்து உடைந்து போகும். பிறகு அளவான சூட்டில் ஆறுதலாக இறுக விடுவார்கள். இறுகிவிட்டால் உள்ளே இருப்பதை எந்தப் பெரிய கெட்டிக்காரனாலும் எடுக்க முடியாது. பற்றரி செத்தால் மோதிரமும் அதோடு செத்ததுதான்.

"அப்ப அது மோதிரமில்ல, சவப்பெட்டி" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. மனிசன் கோபித்துக்கொண்டு அன்றைக்கு அதற்கு மேல் கதைக்கவில்லை.

அடுத்த நாள் அவரே எடுத்துச் சோதனைக் கதை சொன்னார். மூடின மோதிரங்களை இரும்புப் பாத்திரத்துக்குள் வைத்துக் காற்றை அமத்திப் பார்ப்பார்களாம். எங்கேயாவது கசிந்தால் அமுக்கமானியின் முள் காட்டிக் கொடுத்துவிடும். அதில் சிலவற்றை எடுத்து, நூறு மீற்றர் ஆழத்தில் எவ்வளவு அமுக்கம் இருக்குமோ அவ்வளவு அமுக்கத்தில் தண்ணீருக்குள் வைப்பார்கள். உப்புத் தண்ணீரிலும் சவர்க்காரத் தண்ணீரிலும் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். "நூறு மீற்றரோ? எங்கட பக்கம் அவ்வளவு ஆழம் தேடி ஓடுறதெண்டா எண்ணெய் முடிஞ்சு போகும்" என்றேன். அதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கனகாலம் கேட்கவில்லை, அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு கேள்வி கேட்டேன்.

"தண்ணி போகவே போகாது எண்டு எங்களைச் சொல்ல விடமாட்டினம். தண்ணியைத் தாங்கும், அவ்வளவுதான். நீ கடலுக்குப் பயப்பிடாத. கொதிதண்ணிக்கும் ஆவிக்கும் பயப்பிடு. சூடு பட்டா வளையம் ஒரு அளவுக்கு விரியும், பிசின் வேற அளவுக்கு விரியும். திருப்பித் திருப்பிச் சூடு பட்டா ரெண்டும் ஒண்டை ஒண்டு விட்டிடும். மயிரளவு இடைவெளி காணும், தண்ணி பூந்திடும்."

எனக்கு அனுப்பப் போகிற மோதிரத்தைத் தானேதான் மூடினதாகச் சொன்னார். வேலை செய்கிறவர்களுக்கு வருடக் கடைசியில் கொடுக்கிற ஒன்று, அதில் தன் கையால் வார்த்ததையே கேட்டு வாங்கினாராம்.

"அவ்வளவு மோதிரத்துக்குள்ள உங்கட எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். வாக்கேக்க உன்னை நினைச்சுக்கொண்டு வாத்தது. ஆனா ஒருக்காலும் வெறுங்கையால தொடேல்ல. விரல் பட்டா எண்ணெய்ப்பசை ஒட்டிடும், பிறகு பிசின் பிடிக்காது. அதால கையுறையோடதான்."

"பெட்டிக்குள்ள வைக்கேக்கயாவது தொட்டிருக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே விளங்கியது. அவர் மெல்ல, "தொட்டனான்" என்றார்.

அளவு எடுக்க என் மோதிர விரலில் நூல் சுற்றி, அடிமட்டத்தில் வைத்துப் படம் எடுத்து முதலே அனுப்பியிருந்தேன். பொன் மோதிரம் என்றால் பிறகு பெருப்பிக்கலாம், சின்னதாக்கலாம். இதை வெட்ட முடியாது, இழுக்க முடியாது, ஒருதரம் மூடினால் மூடின அளவுதான். நூல் சுற்றினது வாடி பூட்டியிருந்த மாதத்தில். வாடி என்று நாங்கள் சொல்வது கரையில் கிடுகு போட்ட கொட்டில். கடலட்டை வந்தால் அதைக் கீறி, பெரிய கிடாரத்தில் அவித்து, மணலுக்குள் தாட்டு மூடி, திரும்பவும் அவித்துக் காயப்போடுகிற இடம். தொழில் தொடங்கினால் நான் அங்கேதான் நிற்பேன். வேலை இல்லாத மாதத்தில் என் விரல் பிரம்பு மாதிரி இருக்கும், அந்த விரலுக்குத்தான் அவர் மோதிரம் எடுத்தார்.

அவரோடு வேலை செய்கிற ஒருவர் லீவில் வந்தபோது பேசாலை ஊர்வரைக்கும் கொண்டு வந்து தந்தார். கறுப்பு நிறம், பாரமே இல்லை. இதற்கா இவ்வளவு கதை என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தால் அளவு அச்சொட்டாக இருந்தது. ஆனால் முகம் கழுவப் போனாலும் கழற்றி மாதா படத்தடியில் வைத்துவிட்டுத்தான் போவேன். அது அவருக்குத் தெரிந்து, பெரிய சண்டை. "நான் என்ன வேலை செய்யிறன் எண்டு நினைக்கிறாய்? தண்ணிக்குள்ள போடத்தானே நாள் முழுக்க நிண்டு மூடுறன்! நீ கழட்டி வைக்கிறாய்!" என்று கத்தினார். "இப்பவே கடலுக்குப் போ. எனக்குக் காட்டு."

போனேன். ஒரு கையில் போன், மற்றக் கையில் மோதிரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை உள்ளே விட்டேன். சோளகக் காற்று ஓய்ந்திருந்த நாள், தண்ணீர் அசையாமல் கிடந்தது. "பாத்தீங்களோ, நனைச்சிட்டன், போதுமோ?" என்றேன். "கை கிடக்கட்டும். போனைக் கொஞ்சம் பதிச்சுப் பிடி" என்றார். கீழே பதித்தேன். "இன்னும் பதி. அங்கால திருப்பு." அவர் மோதிரத்தைப் பார்க்கவே இல்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அவர் இருக்கிற இடத்தில் இருந்து கடல் கன தூரமாம். நான் போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன், தோணிகளைக் காட்டினேன், தலைமன்னார்ப் பக்கம் திருப்பிக் காட்டினேன். கை உளைந்தது. நிற்பாட்ட மனம் வரவில்லை.

அன்றிலிருந்து கழற்றுவதில்லை. குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, மீன் வெட்டு எல்லாம் அதோடுதான். ஒன்றும் நடக்கவில்லை. என் மனிசன் மூடினது மூடினதுதான் என்று எனக்கே பெருமை வந்துவிட்டது.

இனி நித்திரைக் கதைக்கு வருகிறேன். அந்த மோதிரத்துக்கு என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. காலையில் திறந்தால், பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி நித்திரைக்குப் புள்ளி போட்டு வைத்திருக்கும். எனக்கு ஒருநாளும் நல்ல புள்ளி கிடைத்ததில்லை. "போடி" என்று மூடிவிட்டு அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருடைய போனுக்கும் போகிற மாதிரி அவர் செய்து வைத்திருந்தார். நான் படுத்தேனா எழும்பினேனா என்று கொரியாவில் இருந்து அவருக்குத் தெரியும். அவர் படுத்தாரா சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதில் எனக்கு ஆத்திரம்தான்.

"நேத்து ஏன் நித்திரை கொள்ளேல்லை?" ஒவ்வொரு பின்னேரமும் முதல் கேள்வி இதுதான்.

"கழுதை கத்தினது."

"முந்தநாள்?"

"நுளம்பு."

"அதுக்கு முதல்நாள்?"

"கோயில்ல ஸ்பீக்கர். விடுங்கோவன், நீங்கள் என்ன டொக்டரோ?"

கழுதையும் இல்லை, நுளம்பும் இல்லை. பாயின் மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது, அதுதான். அவர் கடலுக்குப் போன காலத்தில் விடிய வந்து, ஈரக் காலோடு படுப்பார். "கால் குளிருது, தள்ளிப் படுங்கோ" என்று நான் ஏசுவேன். அந்த ஈரக் காலுக்காக என் உடம்பு ஏங்கியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

அவருடைய ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்கியது. இன்னும் இரண்டு வருடம் நில் என்று கொம்பனியில் கேட்கிறார்கள் என்றார். "நீ என்ன சொல்லுறாய்?"

"உங்கட விருப்பம்" என்றேன். அது என் வாயில் தன்பாட்டில் வருகிற பதில்.

அவர் பெருமூச்சு விட்டார். "கட்டுற வீடும் குறையில நிக்குது. நிண்டா முடிக்கலாம். ஆனா உன்ர நித்திரையைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடக்கு. நீ இப்பிடி முழிச்சுக் கிடக்க நான் இஞ்ச என்னத்தைச் செய்ய? வரத்தான் வேணும்போல கிடக்கு."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். எனக்கு நித்திரை வராததில் அன்றைக்குத்தான் முதல் தரம் சந்தோஷம் வந்தது. நான் வாய் திறக்கத் தேவையில்லை. மோதிரம் எனக்காகக் கதைக்கிறது, அதைக் கேட்டு அவர் வரப்போகிறார். கிடக்கட்டும் நித்திரை என்று நினைத்தேன்.

அப்போதுதான் கடலட்டைத் தொழில் தொடங்கியது. "வாடிக்குப் போகாத, உடம்பைப் பார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்தால் யோசனைதான் வரும் என்று நான் போனேன். கிடாரத்து ஆவிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். கொதிதண்ணீருக்குப் பயப்படு என்று அவர் சொன்னது நினைவில் இருந்ததால், காலையில் மோதிரத்தைக் கழற்றி மாதா படத்தடியில் வைத்துவிட்டுத்தான் போவேன். ஒரு கிழமைக்குள் சூடும் உப்பும் சேர்ந்து விரல் எல்லாம் வீங்கிவிட்டது. பின்னேரம் வந்து போடப் பார்த்தால் விரல் மொளிக்கு மேலே ஏறவில்லை. எண்ணெய் பூசிப் பார்த்தேன், சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன். சின்ன விரலில் போட்டால் நிற்காமல் கழன்று விழுந்தது. சரி, வீக்கம் வற்றும்வரை கிடக்கட்டும் என்று விட்டேன்.

அவருடைய அம்மா, என் மாமி, அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. ஒருநாள் செபமாலை சொல்லி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "பிள்ளை, சும்மாதானே கிடக்கு. நான் போடட்டே?" என்றா.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிற நகை ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லை. பெயருக்கு அவளுடையது, போடுவது தேவைப்பட்டவள். மாமியின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு நான் எத்தனை கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் காப்பைப் போட்டுக்கொண்டு மாமி பெருநாள் பூசைக்குப் போயிருக்கிறா. கேட்டால் கழற்றிக் கொடுப்பதுதான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. "போடுங்கோ மாமி" என்று எடுத்துக் கொடுத்தேன். அவவின் மெலிந்த நடுவிரலுக்கு அளவாக இருந்தது.

"அவனுக்குச் சொல்லிப்போடாத பிள்ளை. பொஞ்சாதிக்கு அனுப்பினதை அம்மா பறிச்சுப் போட்டா எண்டு நினைப்பான்" என்றா.

"சொல்லமாட்டன் மாமி."

சொல்லத் தேவையில்லை என்றும் நினைத்தேன். தோலுக்கு உள்ளே ஓடுகிற ரத்தத்தையே எட்டிப் பார்க்கிற சாமான், அது யாருடைய ரத்தம் என்று அறியாதா? அவருக்குத் தன்பாட்டில் தெரிந்துவிடும், தெரிந்தால் என்னிடம் கேட்பார், கை வீங்கின கதையைச் சொல்லலாம் என்று இருந்தேன். நான் அவ்வளவு படித்தவள் இல்லை. ஆனால் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம்.

மகன் செய்த மோதிரம் கையில் ஏறினதும் மாமிக்கு நித்திரை வந்தது. அதுவரையும் அவவும் என்னைப் போலத்தான், சாமத்தில் எழும்பி முற்றத்தில் நடப்பா. இப்போது அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தால் விடிய நான் தட்டித்தான் எழுப்ப வேண்டும். பகலிலும் கதிரையில் இருந்து அதைத் தடவித் தடவிப் பார்ப்பா. போன் வந்தால் மட்டும் கையைச் சேலைக்குள் ஒளித்துவிடுவா. எனக்குப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏன் நித்திரை கொள்ளேல்லை?" என்ற கேள்வியே நின்றுபோனது. போன் எடுத்தால் நல்ல சந்தோஷமாகக் கதைப்பார், என்ன கறி என்று கேட்பார், பகிடி விடுவார். முதல் கிழமை பார்த்தேன். இரண்டாம் கிழமை எனக்குள் கொதிக்கத் தொடங்கியது. மோதிரம் நான் போடவில்லை என்று அவருக்குத் தெரியும், ஏன் போடவில்லை என்று ஒரு சொல் கேட்டால் என்ன? நான் முழிச்சுக் கிடப்பது அவருக்கு அலுத்துவிட்டதா? கேட்காத மனிசனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் ஒன்று கேட்டால் நான் அரைச்சொல் பதில் சொல்வேன். அவரும் வேலைக் களைப்பு என்று வைத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் போனை வைத்த பிறகு அந்த மனிசனோடு நான் தனியே சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். வருவாரா என்று மாமி கேட்டால், "வருவார், வருவார்" என்று மட்டும் சொன்னேன். வருவார் என்றுதான் நம்பினேன்.

அந்தப் பின்னேரம் மாமி முற்றத்தில் பலகையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் அப்போதுதான் வாடியால் வந்து கால் கழுவினேன். போன் அடித்தது. வாளியில் சாய்த்து வைத்து, கை ஈரம் என்றபடியால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இஞ்சார், கையெழுத்துப் போட்டிட்டன்" என்றார். முகம் எல்லாம் சிரிப்பு.

"என்ன கையெழுத்து?"

"ரெண்டு வருஷத்துக்கு. மத்தியானம் கொம்பனிக் கந்தோரில குடுத்தாச்சு. இனித் திருப்பி எடுக்கேலாது, நிண்டு முடிச்சிட்டு ஒரேயடியா வாறன்."

"வரத்தான் வேணும் எண்டு சொன்னீங்கள்" என்றேன்.

"சொன்னனான்தான். உன்ர நித்திரையைப் பாத்துப் பயந்துபோய்ச் சொன்னனான். இப்ப பார், எவ்வளவு வடிவா நித்திரை கொள்ளுறாய்! ஆறு மணித்தியாலம், ஏழு மணித்தியாலம். நெஞ்சு அடிக்கிறதும் ஆறுதலாக் கிடக்கு. வாடியையும் விட்டிட்டாய், நடை எல்லாம் குறைஞ்சு போச்சு. நான் சொன்னதைக் கேட்டிட்டாள், பழகிட்டாள், இனிப் பயமில்லை எண்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ? அதைப் பாத்துத்தான் துணிஞ்சு போட்டன்."

நான் மாமியின் கையைப் பார்த்தேன். மீன் செதிலும் ரத்தமும் ஒட்டின கை, நடுவிரலில் கறுப்பு மோதிரம். ஐயோ கடவுளே என்று எனக்குள் கத்தினேன். அவரில் கோபம், மோதிரத்தில் கோபம், ஆளை அறியாத அந்த வெளிச்சத்தில் கோபம். எல்லாவற்றையும் சேர்த்து வாளியோடு கடலில் எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் வாய் திறந்தால் மாமியைத்தான் குற்றம் சொன்னதாகிவிடும். அவ பாவம்.

மாமியே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, போனுக்கு முன்னால் வந்து குந்தினா. "தம்பி" என்றா. "அது என்ர நித்திரையடா மகன்."

"என்னம்மா சொல்லுறியள்?"

கையைத் தூக்கிக் காட்டினா. "மோதிரம் என்னட்டக் கிடக்கு. அவளுக்குக் கை வீங்கி ஏறேல்ல. நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினனான். உனக்குச் சொல்லாத எண்டதும் நான்தான். நல்லாப் படுத்தது நானடா. அவள் எங்க படுக்கிறாள்? நான் பிரண்டு படுக்கிற நேரமெல்லாம் அவள் முழிச்சுத்தான் கிடக்கிறாள். வாடிக்கும் நாள் தவறாமப் போறாள்."

சொல்லிக்கொண்டே மோதிரத்தை இழுத்துக் கழற்றப் பார்த்தா. மீன் வழுவழுப்பிலும் அது மொளியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. தோல் சிவந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். "விடுங்கோ மாமி, கழட்ட வேண்டாம், விடுங்கோ" என்றேன். இரண்டு பேரும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அவர் அங்கே இருந்து எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?" என்றார் கடைசியில். ஏசவில்லை, மெல்லத்தான் கேட்டார்.

"மோதிரம் சொல்லும் எண்டு நினைச்சன்."

"அது விரலைத்தான் பாக்குமப்பா. ஆரெண்டு அறியாது."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாமி பக்கத்தில் இருக்கிறா, வேலிக்கு அங்கால் ஆட்கள் நிற்கிறார்கள், ஒன்றையும் நான் பார்க்கவில்லை. "எனக்கு உங்களை வேணும்" என்றேன். "வீடு குறையிலயே கிடக்கட்டும். எனக்கு நித்திரை வருதில்ல. நீங்கள் போன நாள் தொட்டு வருதில்ல. வந்திடுங்கோ."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் அந்த அறையில் யாரோ கொரியப் பாஷையில் எதையோ கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகுதான் கையை எடுத்தார்.

"நீ இதைச் சொல்லுவாய் எண்டுதான் இவ்வளவு நாளும் வழி பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "இண்டைக்கு மத்தியானம், கையெழுத்துப் போட முதல், அந்தக் கந்தோர்ப் படியில நிண்டும் பாத்தனான்."